உத்திரத்து இரும்புக் கிளி

எங்கள் வீட்டு உத்திரத்தில் ஓர் இரும்புக் கிளி உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன, காக்காயத் தூக்கி உத்திரத்துல வச்சிருக்கீக?" என்று கேட்பார்கள். கிளி என்று ஒவ்வொரு தடவையும் நான் திருத்துவேன். மூக்கைப் பாருங்கள், வளைந்திருக்கிறது என்பேன். அவர்களும் மரியாதைக்காக இன்னொரு முறை பார்த்துவிட்டு, "ஆமா, மூக்கு வளைஞ்சுதான் இருக்கு" என்று சொல்லிக் காப்பியை வாங்கிக்கொள்வார்கள்.

கிளிக்குக் கீழே ஒரு கொக்கி. கொக்கியில் தொட்டில். தொட்டிலில் இப்போது என் இரண்டாவது பிள்ளை தூங்குகிறான். அவன் தூங்குகிற நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து போய்க் கொக்கியைப் பார்த்துவிட்டு வருகிறேன். பார்க்கத் தேவையில்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிட்டால் அடுத்த பத்தி நன்றாக வருகிறது.

கொக்கி வந்தது மூத்தவளுக்காக. அவள் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், என் அம்மா வீட்டில். தலைப்பிரசவம் முடிந்து, ஐந்தாம் மாதம் அவளைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்துக்கு வந்தேன். என் கணவருக்கு இங்கே நூல் மில்லில் வேலை; ஷிப்ட் மாறி மாறி வரும். ஒரு பெரிய வீட்டின் பின்பாதியில் குடியிருந்தோம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறோம். முன்பாதியில் வீட்டுக்காரம்மா. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களோடு தமிழ்தான் என்றாலும், கோபமோ பயமோ வந்தால் தெலுங்கு கலந்துவிடும்.

அம்மா வீட்டிலும் தொட்டில் இருந்தது. ஆனால் அதில் பிள்ளையைப் போட்டுவிட்டு நான் கை எட்டாத தூரத்துக்குப் போனதில்லை. குளிக்கப் போனால்கூட யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் போவேன். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை என் அம்மா ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் என் கணவரிடமும் சொன்னாள்.

"இவ சின்னப் பிள்ளையில தொட்டில்ல இருந்து விழுந்தவ மாப்பிள்ளை. கொக்கி நெளிஞ்சு கயிறு நழுவிருச்சு. கீழ வெளுக்கப் போடுற துணி மூட்டை கெடந்துச்சோ, தப்பிச்சாளோ. விழுந்தவ அழக்கூட இல்ல. அன்னைக்குப் படாத பயத்தையெல்லாம் சேத்து வச்சு இப்பப் பட்டுக்கிட்டு இருக்கா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கொக்கி நெளிந்தது என்ற ஒரு வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. பிள்ளை பெற்ற பிறகு அது இன்னும் பெரிதாகிவிட்டது.

ராஜபாளையம் வீட்டில் கொக்கியே இல்லை. பழைய காலத்து மட்டப்பா வீடு, தட்டைக் கூரை. தேக்கு உத்திரம், அதன்மேல் வரிசையாகச் சட்டங்கள். கொக்கி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்கப் போனேன். வீட்டுக்காரம்மா மார்பில் கை வைத்துக்கொண்டார்.

"உத்திரத்துல மட்டும் வத்து அம்மாயி. எங்க மாமனார் பர்மாவுல இருந்து கொண்டாந்த தேக்கு. எங்க வீட்டுலேயே இதுவரைக்கும் ஒரு ஆணி அடிச்சதில்ல."

வத்து என்றால் வேண்டாம்; அம்மாயி என்றது என்னை, பெண்ணே என்று. அடுத்த வாரம் நல்ல நாள் பார்த்துத் தொட்டில் போடுவதாகப் பேச்சு. சோழபுரத்திலிருந்து என் கணவரின் அக்கா வருவார். நான் மதினி என்று கூப்பிடுவேன். அம்மாவும் அப்பாவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவார்கள். அதுவரை பிள்ளை என் தோளில்தான். கீழே விட்டால் அழுவாள். தூங்கிவிட்டாள் என்று பாயில் படுக்கவைத்தால், முதுகு பாயில் படுவதற்குள் கண்ணைத் திறந்துவிடுவாள். ஒரு கையால் சோறு வடித்தேன், ஒரு கையால் துணி அலசினேன். தொட்டில் வந்தால் கை ஓயும் என்று எல்லாரும் சொன்னார்கள். தொட்டில் வந்தால் கையை எடுக்கத் தைரியம் வருமா என்பதுதான் என் கவலை.

என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். துளை போடாமல், உத்திரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு வளையம் செய்து, அதில் கொக்கி தொங்கவிடலாம் என்றார். மில்லுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் சொல்லி ஒன்று செய்தும் கொண்டுவந்தார். நான் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெல்டிங் வைத்த இடம் ஆறிப்போன கஞ்சிபோல் திட்டுத் திட்டாக இருந்தது.

"இது விட்டுப்போகாதா?" என்றேன்.

"மில்லுல மிஷினே இதுலதான் நிக்குது."

"மிஷின் ஆடாது. தொட்டில் ஆடுமே."

அவர் வளையத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சந்தைக்குப் பின்னால ஆசாரி பட்டறை இருக்கு. நீயே போ. பக்கத்துல நின்னு, உன் கண்ணு முன்னாடி அடிச்சு வாங்கிட்டு வா. அப்பவாவது நம்பிக்கை வருதான்னு பாப்போம்" என்றார். சலிப்பில் சொன்னாரா, அக்கறையில் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தகரக் கூரை போட்ட பட்டறை. நடுவில் உலை. உலைக்குக் காற்று ஊதத் துருத்திக்குப் பதிலாகக் கையால் சுற்றுகிற ஒரு சக்கரம். இரும்பை வைத்து அடிக்க, புளியங்கட்டையில் பதித்த பட்டடைக்கல், மேல்பக்கம் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னியது. சுவரோரம் குறடுகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி வாய், கொக்கு வாய், நாய் வாய் என்று. ஆசாரி உட்கார்ந்தபடி குறட்டில் மண்வெட்டித் தகட்டைப் பிடித்திருந்தார். எதிரே நின்று சம்மட்டி அடித்தது அவருடைய மனைவி. சேலையை வரிந்து கட்டி, பாதத்தை அகட்டி வைத்து, தலைக்குமேல் தூக்கி இறக்கினார். ஒவ்வோர் அடிக்கும் என் நெஞ்சு குலுங்கியது. பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

வேலை முடிந்ததும் அந்த அக்கா சம்மட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு, "உள்ள வா தாயி. பிள்ளைக்காரி ஏன் வெயில்ல நிக்கே?" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். உத்திரத்தை நூல் பிடித்து அளந்து வந்திருந்தேன். மூன்று நூல் இருந்தது, மூன்றும் ஒவ்வோர் அளவு. ஆசாரி மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு ஆணியில் மாட்டினார். "நான் வந்து பாத்துக்கிடுதேன். நீ எந்த ஊரு?"

"ஸ்ரீவில்லிபுத்தூர், அண்ணாச்சி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப கிளிதான். ஆண்டாள் ஊருக்காரிக்கு வெறுங்கொக்கியா செஞ்சு குடுப்பேன்? கிளி கழுத்த வளைச்சு, மூக்குலயே தொட்டில மாட்டுற மாதிரி செய்றேன் பாரு."

எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டாள் கைக்குத் தினமும் இலைகளால் கிளி கட்டுவார்கள். அந்தக் கிளியின் அழகு எனக்குத் தெரியும். அதன் கழுத்து எவ்வளவு மெலிசு என்பதும் தெரியும். என் பிள்ளை ஒரு கிளியின் மூக்கில் தொங்குவதை நினைத்ததும் அவளைத் தோளில் இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"கழுத்து மெலிசா இருக்குமே அண்ணாச்சி. நெளிஞ்சிட்டா?"

"நான் அடிச்ச இரும்பு நெளியுமா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "அவரு பேச்சக் கேக்காத தாயி. போன வருசம் ஒரு வீட்டுக் கேட்டுக்கு மயிலு செஞ்சு குடுத்தாரு. அவிய கோழி நல்லா இருக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாக" என்றார்.

ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். அதற்குப் பிறகு மனைவியோடு பேசவில்லை. கடைசியில் என்னிடம் மட்டும் சொன்னார்: கொக்கி தடிமனாக, வெறுமனே இருக்கும். பாரம் விழாத இடத்தில், வளையத்துக்கு வெளியே நீட்டிய வால் முனையில், கிளி இருக்கும். கிளி இல்லாமல் அவர் செய்யமாட்டார். வேண்டாம் என்றால் வேறு பட்டறைக்குப் போகலாம். கிளி பாரம் தாங்காது என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு நான் ஒப்புக்கொண்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததுமே ஆசாரி ஒரு கடப்பாரையை எடுத்து அடிக்கத் தொடங்கியிருந்தார். அக்காவும் சேர்ந்துகொண்டார். தகரக் கூரை அதிர்கிற சத்தம். இவள் வாயைத் திறந்தபடி, எச்சில் ஒழுக, அசையாமல் தூங்குகிறாள். வீட்டில் ஒரு டம்ளரைக் கீழே வைத்தால் முழித்துக்கொள்கிறவள்.

பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. அப்படித்தான் தோன்றியது. இத்தனை நாள் டம்ளர் சத்தத்துக்கு விழித்ததெல்லாம் தற்செயல். எந்த டாக்டரிடம் போவது, மதுரைக்குப் போகவேண்டுமா, பஸ்ஸில் இவளை எப்படிக் கொண்டுபோவது என்பது வரைக்கும் நினைத்துவிட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அக்கா அடிப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "என்ன தாயி, தூசி விழுந்துட்டா?"

"பிள்ளைக்குக் காது கேக்கல போலக்கா."

சத்தம் நின்று சில நொடிகூட ஆகவில்லை. பிள்ளை முகத்தைச் சுளித்து, காலை உதறி, வீரிட்டு அழுதாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"காது கேக்காமத்தான் சத்தம் நின்னது தெரிஞ்சுதா? எம்பிள்ளைக மூணும் இதே கூரையில தொட்டில் கட்டித்தான் தூங்குச்சுக. சம்மட்டி நின்னா முழிச்சிரும். அதுக்காகவே சில நாளு வெறும் கல்ல அடிச்சிருக்கேன்." சொல்லிவிட்டுப் போய் மறுபடியும் சம்மட்டியை எடுத்தார். நாலாவது அடியில் பிள்ளை அடங்கினாள்.

வளையமும் கொக்கியும் அடித்த அன்று நானும் போனேன். அதற்கு முந்தின நாள் ஆசாரி வீட்டுக்கு வந்து உத்திரத்தை அளந்திருந்தார். மேலே சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பட்டையை ஒரு பக்கமாகச் செருகி, மறுபக்கம் கொண்டி மாட்டி இறுக்கினால் போதும், மரத்தில் கீறல் விழாது என்று வீட்டுக்காரம்மாவிடம் உறுதி சொல்லியிருந்தார்.

பட்டைக்கு எடுத்தது பழைய மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்பு. பழசா என்று நான் இழுத்தேன். "எம்புட்டு ரோடு ஓடியிருக்கு. உன் பிள்ளைய ஆட்டுறதா இதுக்குப் பாரம்?" என்றார்.

மயில் விஷயத்தில் கணவனும் மனைவியும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வேலை ஒரு நொடியும் தடைப்படவில்லை. அதை நான் வியப்போடு பார்த்தேன். ஆசாரி பழுக்கக் காய்ந்த இரும்பைக் கல்மேல் வைப்பார். வலது கையில் உள்ள சின்னச் சுத்தியலால் ஓர் இடத்தில் லேசாகத் தட்டுவார். அடுத்த நொடி சம்மட்டி அதே இடத்தில் இறங்கும். அவர் தள்ளித் தட்டினால் சம்மட்டியும் தள்ளி இறங்கும். மெதுவாகத் தட்டினால் மெதுவாக, ஓங்கித் தட்டினால் ஓங்கி. இரும்பை விட்டுவிட்டு வெறும் கல்லில் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று அர்த்தம். அக்கா சம்மட்டியை இறக்கிவிடுவார். டக், டணார், டக், டணார். ஒரு வார்த்தை இல்லாமல் இருவரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசவேண்டிய மற்றதெல்லாம் என் வழியாக வந்தது.

"தாயி, சக்கரத்தச் சுத்தச் சொல்லு. கரி அவிஞ்சுபோச்சு."

"சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லு தாயி. கண்ணு கிளியிலயே இருந்தா கரி எங்க தெரியும்?"

கொக்கி உலையிலிருந்து வெளியே வரும்போது பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. கல்லின் முனையில் வைத்து வளைத்தார்கள். வளைந்த இடம் மெலியாமல் இருக்க, அங்கேயே திருப்பித் திருப்பித் தட்டித் தடிப்பாக்கினார். வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார் என்று காத்திருந்தேன். சற்று முன்பு ஒரு அருவாளை அப்படித்தான் முக்கினார். சுர்ரென்று ஆவி வந்தது. கொக்கியை மட்டும் சாம்பலில் புதைத்து ஓரமாக வைத்துவிட்டார்.

என்னுடையதில் ஒரு வேலையை விட்டுவிட்டாரோ என்று எனக்கு உடனே சந்தேகம். கேட்காமலும் இருக்க முடியவில்லை, கேட்டால் கோபிப்பாரோ என்றும் பயம். சாம்பலையும் தண்ணீர்த் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"தண்ணியில போடலயேன்னுதான பாக்கே?" என்றார் அவர். "அருவாளு வெட்டணும், அதுக்கு முறுக்கு ஏத்தணும். கொக்கிக்கு முறுக்கு ஏத்தினா படக்குன்னு ஒடியும். இது மெதுவா ஆறட்டும்."

"ஒடியாது, சரி. நெளியாதா அண்ணாச்சி?"

இரும்பு ஆறியதும் எடுத்து, பட்டறை விட்டத்தில் சங்கிலி போட்டுக் கொக்கியை மாட்டினார். "அவள இதப் பிடிச்சுத் தொங்கச் சொல்லு" என்றார் என்னிடம்.

"நான் எதுக்குத் தொங்கணும்? செஞ்சவரு தொங்கட்டும்" என்றார் அக்கா, அதையும் என்னிடம்.

ஆசாரி வேட்டியை மடித்துக் கட்டினார். கொக்கியில் இரண்டு கையாலும் தொங்கி, முழங்காலை மடக்கினார். எதிரே டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு வந்து பார்த்தார்கள். கொக்கி அப்படியே இருந்தது. நான் மெதுவாகச் சொன்னேன்: "நீங்க சும்மா தொங்குறீக அண்ணாச்சி. பிள்ளைய நாங்க ஆட்டுவோம்ல."

அக்கா எழுந்து வந்தார். கணவரின் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். ஆசாரி முன்னும் பின்னும் ஆடினார். டீக்கடைக்காரர் தாலாட்டுப் பாடவா என்று கேட்டார். "விடு பிள்ள, விழுந்திரப் போறேன்" என்றார் ஆசாரி. மயிலுக்குப் பிறகு அவர் மனைவியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே கிளியையும் அடித்து முடித்தார்கள். என் மடியில் பிள்ளை நாள் முழுக்கத் தூங்கினாள்.

நல்ல நாளும் வந்தது. ஆசாரியும் அக்காவும் காலையிலேயே வந்து வளையத்தை மாட்டினார்கள். வீட்டுக்காரம்மா ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, "மெல்ல, மெல்ல" என்று தேக்கைத் தடவிக்கொண்டே இருந்தார். மதினி சோழபுரத்துக் காய்கறிப் பையோடு வந்து சேர்ந்தார். அம்மா தன் பழைய நூல் சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள், தொட்டிலுக்கு அதுதான். என் கணவர் சேலையின் இரண்டு தலைப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கொக்கியில் மாட்டினார்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, முதலில் அதைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். கல்லைப்போல் பிள்ளை திடமாக இருக்கவேண்டும் என்பதற்காக. அந்த வழக்கத்தை நான் பல நாளாக மனதில் வைத்திருந்தேன். அம்மிக் குழவி என்ன, ஒரு கைப்பிள்ளை கனம்கூட இருக்காது. ஆட்டுரல் குழவி இருக்கிறதே, அதை நகர்த்தவே எனக்கு மூச்சு வாங்கும். இரண்டும் குழவிதானே என்று யாரும் கேட்பதற்கு முன்பே எனக்குள் பதில் தயாராக இருந்தது. விடிகாலையிலேயே அதற்கு மஞ்சள் பூசிவிட்டேன்.

சமையலறையிலிருந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். கூடத்தில் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"ஏட்டி, இது என்ன?" என்றார் மதினி.

"குழவி மதினி."

"தெரியுது. பிள்ளையத்தான போடப்போற, இல்ல ஆனைக்குட்டியையா?"

"வழக்கம்தான மதினி."

"அம்மிக் குழவிதான ஏட்டி வழக்கம். இதப் போட்டு ஆட்டுறதுக்கு நாலு ஆளு வேணும்."

என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆசாரிக்கும் புரிந்துவிட்டது, அவர் கையைக் கட்டிக்கொண்டு உத்திரத்தைப் பார்த்தார். நான் தொட்டிலுக்கடியில் மெத்தையும் இரண்டு தலையணையும் போட்டிருந்தேன். குழவியை மெல்லத் தொட்டிலில் இறக்கி, கையை எடுத்தேன்.

கொக்கி அசையவில்லை. வளையம் அசையவில்லை. கிளி அசையவில்லை. ஆனால் குழவி மட்டும் அவசரமே இல்லாமல் கீழே வந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் மதினி தொட்டிலை ஒரு தள்ளு தள்ளினார். சேலையின் முடிச்சு ஒரு முறை நெளிந்து, பிரிந்து, விட்டுவிட்டது. பொத்தென்று தலையணைமேல் உட்கார்ந்தது குழவி. அதன் பொட்டுகூடக் கலையவில்லை.

எல்லாருடைய கண்ணும் கல்லிலிருந்து அம்மாவின் தோளில் இருந்த பிள்ளைக்குப் போயிற்று. என் கணவர் முகம் வெளுத்துவிட்டது.

மதினிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏலே, இம்புட்டு வருசமா மில்லுல என்னத்த வேலை பாக்க? அத்துப்போன நூலுக்கு முடிச்சுப் போடுறதுதான வேலை. சேலைக்குப் போடத் தெரியலயா?"

"நூலு வேற, சேலை வேறக்கா" என்றார் அவர், ஈனஸ்வரத்தில்.

"உனக்குத் துணி மூட்டை, கல்லுக்குத் தலகாணி" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். சொன்னவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து என் தலையை ஒரு முறை தடவிவிட்டுப் போனாள்.

"கொக்கி எப்படி நின்னுச்சு, பாத்தியளா? கிளி அசையக்கூட இல்ல" என்றார் ஆசாரி எல்லாரையும் பார்த்து. வீட்டுக்காரம்மா அப்போதுதான் அண்ணாந்து பார்த்து, "அது காக்கா இல்லையா?" என்றார். அக்கா அவசரமாக அடுப்படிக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து இருமுவதுபோல் ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

மதினி சேலையை வாங்கி, தலைப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்து இறுக்கினார். சோழபுரத்தில் உழவு மாட்டுக்குப் போடுகிற முடிச்சு என்றார். இழுக்க இழுக்க இறுகுமாம். நான் மறுபடியும் குழவியைப் போடச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் கேலி செய்யவில்லை. காப்பி ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று எல்லாரும் நின்று பார்த்தார்கள். மதினி ஆட்டினார், அப்பா ஆட்டினார், அக்காவும் வந்து ஒரு ஆட்டு ஆட்டினார். ஆனைக்குட்டி சுகமாக ஆடியது.

பிறகுதான் பிள்ளையைப் போட்டோம். எல்லாரும் அரிசி போட்டு ஆசி சொன்னார்கள். ஆசாரிக்கும் அக்காவுக்கும் வெற்றிலை பாக்கு, தேங்காய் கொடுத்தோம். அன்று முழுவதும் யாராவது ஒருவர் தொட்டில் பக்கத்தில் இருந்தார்கள். நான் அடியில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். ஆட்டுகிற மாதிரித்தான் வைத்திருந்தேன்; யாருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் எல்லாரும் போய்விட்டார்கள். மில் சங்கு ஊதி, என் கணவரும் மதிய ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் நானும் பிள்ளையும்தான். தொட்டிலில் போட்டேன். அழுதாள். ஆட்டினேன், அழுதாள். பாடினேன், இன்னும் பெரிதாக அழுதாள். எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். எடுத்தால் பிறகு தொட்டில் எதற்கு என்றும் தோன்றியது. வீடு அத்தனை அமைதியாக இருந்தது. வெளியே ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. அவ்வளவு அமைதியை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கடைசியாக அவள் நிம்மதியாகத் தூங்கியது எங்கே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சமையலறைக்குப் போனேன். அம்மா வீட்டுச் சீராக வந்த சின்ன இரும்பு உரல் இருந்தது, இரும்பு உலக்கையோடு. விளிம்பில் லேசாக ஒரு தட்டு, உள்ளே ஓங்கி ஒன்று. டக், டணார். டக், டணார். நாலைந்து அடியில் அழுகை குறைந்தது. இன்னும் கொஞ்சத்தில் நின்றுவிட்டது.

ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும் என்று கால் துடித்தது. கொக்கி எப்படி இருக்கிறது, முடிச்சு எப்படி இருக்கிறது, மூச்சு விடுகிறாளா. ஆனால் நான் போனால் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றால் அவள் முழித்துவிடுவாள். இங்கிருந்து தொட்டில் தெரியாது. இரண்டு கையும் உலக்கையில் இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து, பக்கத்தில் வேறு யாரையும் உட்காரவைக்காமல், நான் அவளைப் பார்க்காமலும் தொடாமலும் இருந்த முதல் நேரம் அதுதான். வேறு வழியில்லாமல் இடித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கி, மூச்சு சீராகிவிட்டது. அவளுக்கில்லை, எனக்கு.

பின்கதவில் வீட்டுக்காரம்மாவின் தலை தெரிந்தது. "ஏமி அம்மாயி, செத்த நேரமா இடிச்சுக்கிட்டே இருக்க?" என்று எட்டிப் பார்த்தவர் பதறிவிட்டார். "வெறும் உரலையா இடிக்கிற? வீட்டுக்கு ஆகாது." தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு படி கொத்தமல்லியைக் கொண்டுவந்து கொட்டினார். "இடிக்கிறதுதான் இடிக்கிற, எனக்கும் சேத்து இடி."

"பிள்ளை தூங்குதான்னு செத்த பாத்துச் சொல்லுங்கம்மா" என்றேன், கையை நிறுத்தாமல். அவர் கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லா தூங்குது. காக்காயும் அங்கதான் இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து மதியம் ஆனால் தெருவில் யாராவது ஒருவர் ஒரு பாத்திரத்தோடு வந்துவிடுவார்கள். மிளகு, சீரகம், சுக்கு என்று எல்லாவற்றையும் இடித்தேன். அந்த ஆண்டு எங்கள் தெருவில் யாரும் மல்லிப்பொடி கடையில் வாங்கவில்லை.